ஃபில் டெய்லரின் 16 உலகப் பட்டங்கள்: எதிராளிகள் பலவீனமா, அவர் கணக்குப் பலமா?

பலகையில் சிறு அம்புகளை எறியும் ஆட்டமான டார்ட்ஸில் இங்கிலாந்தின் ஃபில் டெய்லர் 16 முறை உலகச் சாம்பியன் ஆனதற்கு, அவர் காலத்தில் தகுந்த எதிராளிகள் இல்லாததுதான் காரணமா? இளம் வீரர் லூக் லிட்லர் அந்த எண்ணைத் தாண்டிவிடுவாரா? இவை இரண்டும்தான் கேள்வி.

முதல் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. 1995 முதல் 2002 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் டெய்லர் பட்டம் வென்றபோது, டார்ட்ஸ் உலகம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒரே ஆண்டில் இரண்டு உலகச் சாம்பியன்கள் இருந்தார்கள். இதை மறைத்துவிட்டு அவர் புகழ் பாடுவது சரியல்ல. ஆனால் மீதிப் பாதி தவறு. ஏன் தவறு என்பது புரிய, பலகையையும் ஆட்ட அமைப்பையும் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

டார்ட்ஸ் பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருக்கும். எறிபவர் 2.37 மீட்டர் தள்ளிப்போட்ட கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஒரு முறைக்கு மூன்று அம்புகள். 501-இல் தொடங்கி, எடுக்கும் புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வந்து சரியாகப் பூஜ்யத்தில் முடிக்க வேண்டும். கடைசி அம்பு, எண்ணை இருமடங்காக்கும் டபுள் என்னும் வெளி வளையத்திலோ, 'புல்' (bull) எனப்படும் நடுவிலுள்ள சிவப்பு வட்டத்திலோ விழுந்தால்தான் கணக்குத் தீரும். இப்படி ஒருமுறை முடிப்பது ஒரு லெக். மூன்று லெக் எடுத்தால் ஒரு செட். உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் இப்போது ஏழு செட் எடுக்க வேண்டும். 1990-களில் ஆறு போதும்.

எண்ணை மும்மடங்காக்கும் உள் வளையமான ட்ரெபிள், டபுள் ஆகிய வளையங்களின் அகலம் 8 மில்லிமீட்டர்தான். புல்லின் விட்டம் 12.7 மில்லிமீட்டர். ட்ரெபிள் 20 அடித்தால் 60, மூன்றும் அங்கேயே விழுந்தால் 180. குறி பக்கவாட்டில் சற்றுத் தவறினாலோ 1 அல்லது 5 மட்டுமே கிடைக்கும். பலகையில் 20-க்கு இருபுறமும் அந்தச் சின்ன எண்களை வைத்திருப்பதே தவறுபவனைத் தண்டிக்கத்தான்.

வீரர்களின் தரத்தை மூன்று அம்புகளுக்கான சராசரிப் புள்ளியால் அளக்கிறார்கள். 100 சராசரி என்றால் ஒரு லெக்கை ஏறத்தாழ 15 அம்புகளில் முடிப்பதாகப் பொருள். 95 சராசரி என்றால் 15.8 அம்புகள். வித்தியாசம் ஒரு லெக்குக்கு ஓர் அம்புகூட இல்லை. இந்தச் சின்ன இடைவெளியா ஒருவருக்கு 16 பட்டங்களைக் கொடுத்தது என்று தோன்றும். அங்கேதான் ஆட்ட அமைப்பு வேலை செய்கிறது.

ஒரு வீரர் ஒவ்வொரு லெக்கையும் வெல்லும் வாய்ப்பு 55 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். யார் முதலில் எறிகிறார் என்பதை இங்கே விட்டுவிடலாம். ஐந்தில் மூன்று லெக் என்ற கணக்கில் அவர் செட்டை வெல்லும் வாய்ப்பு 59 விழுக்காடாக ஏறும். ஏழு செட் எடுக்க வேண்டிய இறுதியாட்டத்தில் அது சுமார் 75 விழுக்காடு. லெக்கில் 60 விழுக்காடு பலம் இருந்தால் செட்டில் 68, ஆட்டத்தில் சுமார் 92. சின்ன மேன்மை நீண்ட ஆட்டத்தில் வட்டிக்கு வட்டி போட்டு வளர்கிறது. சிறந்தவருக்கு நீளம் நண்பன். டெய்லரின் வாழ்க்கை முழுவதும் இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கிறது. 1998 இறுதியில் டென்னிஸ் பிரீஸ்ட்லியை 6-0, 2001-இல் ஜான் பார்ட்டை 7-0, 2002-இலும் 2006-இலும் பீட்டர் மேன்லியை 7-0 என்று அவர் துடைத்தெடுத்தார். அந்த எதிராளிகள் மோசமானவர்கள் அல்ல. பிரீஸ்ட்லி இருமுறையும் பார்ட் மூன்று முறையும் உலகச் சாம்பியன் ஆனவர்கள்.

அந்த மேன்மை எங்கிருந்து வந்தது? பிறவித் திறமை என்று சொல்லி முடித்துவிட முடியாது, ஏனென்றால் டெய்லர் தாமதமாக வந்தவர். 1960 ஆகஸ்ட் 13-இல் பீங்கான் தொழிலுக்குப் பெயர்போன ஸ்டோக்-ஆன்-ட்ரென்டில் பிறந்தார். கழிப்பறைச் சாமான்களுக்கான பீங்கான் கைப்பிடி செய்யும் வேலையில் வாரத்துக்கு 52 பவுண்ட் சம்பாதித்துக்கொண்டிருந்தார். 1980-களின் நடுவில்தான் டார்ட்ஸைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார். ஐந்து முறை உலகச் சாம்பியனான எரிக் பிரிஸ்டோ அதே ஊரின் பர்ஸ்லம் பகுதியில் மதுக்கடை நடத்தினார். அங்கே ஆட வந்த டெய்லரிடம் ஏதோ கண்டுகொண்ட பிரிஸ்டோ, வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் பயிற்சி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு சுமார் 10,000 பவுண்ட் கடன் கொடுத்தார். பணத்தைவிடப் பெரிது அவர் கொடுத்த நெருக்கடி. தோற்றுவிட்டு ஆறுதல் தேடி வந்தவருக்கு அவரிடம் ஆறுதல் கிடைக்கவில்லை.

1988-இல் கனடா ஓப்பன் டெய்லருக்கு வந்தது. 1990 ஜனவரியில் சர்ரே மாவட்டத்தின் லேக்சைடு அரங்கில் உலகப் போட்டி. டெய்லருக்குத் தரவரிசை இடம் இல்லை. பந்தயக்காரர்கள் அவருக்கு 125-க்கு 1 என்று விலை போட்டிருந்தார்கள். இறுதியில் எதிரே நின்றவர் கடன் கொடுத்த பிரிஸ்டோவேதான். டெய்லர் 6-1 என்று வென்றார், பரிசு 24,000 பவுண்ட். அப்போது அவருக்கு வயது 29. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பிரிஸ்டோ அந்த ஆண்டுகளில் டார்டைட்டிஸ் என்னும் கோளாறோடு போராடிக்கொண்டிருந்தார். கை எறியப் போகும், விரல்கள் அம்பை விட மறுக்கும். அந்த நிலையிலும் இறுதிவரை வந்தார் என்பது அவருக்குப் பெருமை.

1992 பட்டம் மயிரிழையில் கிடைத்தது. மைக் கிரெகரிக்கு எதிரான இறுதியாட்டம் கடைசிச் செட்டின் கடைசி லெக்குக்குப் போனது. பட்டத்தை முடிக்கக் கிரெகரிக்கு டபுளில் ஆறு அம்புகள் கிடைத்தன, ஆறும் தவறின. டெய்லர் 6-5 என்று வென்றார். 180-களை ரசிகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். பட்டத்தைத் தீர்மானிப்பது 8 மில்லிமீட்டர் டபுள்.

1993-இல் பிளவு வந்தது. தொலைக்காட்சிப் போட்டிகள் குறைந்து வருமானம் சுருங்கியதால், பழைய பிரிட்டிஷ் அமைப்பிலிருந்து 16 வீரர்கள் விலகித் தனி அமைப்பு தொடங்கினார்கள். அப்போது ஆடிக்கொண்டிருந்த முன்னாள் உலகச் சாம்பியன்கள் அனைவரும் அந்த 16 பேரில் அடக்கம். எனவே புதிய அமைப்பில் ஆட்களே இல்லை என்பது சரியல்ல. அதே சமயம் 1993 டிசம்பர் கடைசியில் பர்ஃப்லீட்டில் சர்க்கஸ் டேவர்ன் என்ற இடத்தில் தொடங்கி 1994 தொடக்கத்தில் முடிந்த அவர்களின் முதல் உலகப் போட்டியில் ஆடியவர்கள் 24 பேர் மட்டுமே என்பதும் உண்மை. அதன் இறுதியில் பிரீஸ்ட்லியிடம் 1-6 என்று தோற்ற டெய்லர், 1995-இல் ராட் ஹாரிங்டனை வென்று எட்டாண்டுத் தொடரைத் தொடங்கினார். பரிசு 12,000 பவுண்ட், லேக்சைடில் ஐந்தாண்டு முன்பு வாங்கியதில் பாதி.

மறுபக்கத்தில் நெதர்லாந்தின் ரேமண்ட் வான் பார்னவெல்ட் 1998, 1999 ஆண்டுகளில் பழைய அமைப்பின் சாம்பியன். யார் உண்மையான சாம்பியன் என்ற சண்டைக்கு விடை தேடி, 1999 நவம்பரில் வெம்ப்ளியில் இருவரையும் ஒரு மணி நேர ஆட்டத்தில் மோதவிட்டார்கள். டெய்லர் 21 லெக், வான் பார்னவெல்ட் 10. ஒரே ஓர் ஆட்டத்தை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்யக் கூடாதுதான். ஆனால் 31 லெக் ஆட்டத்தில் இரண்டுக்கு ஒன்று என்பது தற்செயலாக வருவது கடினம். பிளவு இல்லாதிருந்தால் எட்டில் ஒன்றிரண்டு கை நழுவியிருக்கலாம். எட்டும் பொய் என்று சொல்ல முடியாது. பிளவுக்கு முன் எல்லாரும் ஒரே மேடையில் ஆடிய காலத்தில் வென்றவை 1990, 1992. வான் பார்னவெல்ட் உள்பட முன்னணி வீரர்கள் பெரும்பாலோர் ஒரே அமைப்புக்கு வந்துவிட்ட பிறகு வென்றவை 2009, 2010, 2013. இந்த ஐந்தை மட்டும் எடுத்தாலே அவர் பிரிஸ்டோவுக்குச் சமமாக நிற்கிறார்.

இனி அவருடைய எறிதலுக்கு வருவோம். டெய்லரிடம் கற்க வேண்டியது குறி அல்ல, குறி தவறும்போது அம்பு எங்கே போகிறது என்ற கணக்கு. 180 அடிக்கப் பலரால் முடியும். ஆட்டத்தில் பெரும்பாலான முறைகள் 180 அல்ல என்பதால், முழுதாய் அமையாத முறைகளில் எவ்வளவு கிடைக்கிறது என்பதே சராசரியைத் தீர்மானிக்கிறது.

முதலாவது, அம்பு பலகையில் நிற்கும் கோணம். முதல் அம்பின் வால் மேலே தூக்கி நின்றால், அடுத்த அம்பு போகும் வழியை அதன் தண்டும் இறகும் அடைத்துவிடும். இரண்டாவது அம்பு அதில் மோதித் திசைமாறும், சில சமயம் கீழே விழும். டெய்லரின் அம்புகள் வால் தாழ்ந்து, முனை சற்று மேல்நோக்கிக் குத்தி நிற்கும். அடுத்த அம்பு அதன் முதுகில் வழுக்கிக்கொண்டு அதே ட்ரெபிளுக்குள் நுழையும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல. அதாவது முதல் அம்பு அவருக்குத் தடையாக இல்லாமல் வழிகாட்டியாக இருந்தது. பார்த்து அப்படியே நகலெடுக்க முயல்பவர்கள் செய்யும் தவறு, அம்பை வேண்டுமென்றே மேல்நோக்கி வீசுவது. கோணம் வருவது கையை விடும் நேரம், அம்பின் எடை எங்கே குவிந்திருக்கிறது, தண்டின் நீளம், இறகின் பரப்பு எல்லாம் சேர்ந்துதான். இறகு பெரிதாக இருந்தால் வாலில் காற்றின் இழுவை கூடும். தண்டின் நீளம் மாறினால் எடை மையம் மாறும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, குறியை மாற்றும் வேகம். முதல் அம்பு ட்ரெபிள் 20-இன் வாசலை மறித்து நின்றால், பிடிவாதமாக அங்கேயே எறிபவர்கள் உண்டு. டெய்லர் தயங்காமல் கீழே இடப்பக்கம் இருக்கும் 19-க்கு இறங்கிவிடுவார். ட்ரெபிள் 19 என்றால் 57, இழப்பு மூன்றே புள்ளி. அங்கே பக்கவாட்டில் தவறினாலும் 3 அல்லது 7 கிடைக்கும், மேலே கிடைப்பது 1 அல்லது 5. கணக்கு எளிது, செய்வது கடினம். கண்ணும் கையும் ஓர் உயரத்துக்குப் பழகியிருக்கும்போது நடுவில் இறங்கினால் தாளம் கெடும். பெரும்பாலோர் 19-ஐத் தனியாகப் பயிற்சி செய்வதில்லை, அதனால் அங்கே போனதும் சராசரி சரிகிறது. 20-க்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியாவது 19-க்கும் 18-க்கும் கொடுத்தால்தான் இந்த உத்தி பலன் தரும்.

மூன்றாவது, முடிக்கும் எண்ணை முன்கூட்டியே அமைப்பது. கையில் ஓர் அம்பு மீதம், பலகையில் 179 புள்ளி மீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழக்கத்தில் 20-க்கு எறிந்து ஒற்றை 20 விழுந்தால் 159 மிஞ்சும். 159-ஐ மூன்று அம்புகளில் முடிக்க வழியே இல்லை. 162, 163, 165, 166, 168, 169 ஆகியவையும் அப்படிப்பட்ட முட்டுச்சந்து எண்கள். 19-க்கு எறிந்து ஒற்றை விழுந்தால் 160 மிஞ்சும். இரண்டு ட்ரெபிள் 20, ஒரு டபுள் 20 என்று முடிக்கலாம். இன்னொன்று: ஓர் அம்போடு 89 மீதம். ட்ரெபிள் 19 விழுந்தால் 32, அதாவது டபுள் 16. தவறி ஒற்றை 19 விழுந்தாலும் 70, அடுத்த முறை ட்ரெபிள் 18, டபுள் 8 என்று இரண்டே அம்புகளில் முடியும். பட்டாலும் படாவிட்டாலும் நல்ல எண்.

32-ஐ எல்லாரும் விரும்புவதும் இதனால்தான். டபுள் 16-க்குக் குறிவைத்து உட்பக்கம் ஒற்றை 16-இல் விழுந்தால் 16 மிஞ்சும், அது டபுள் 8. மறுபடி அப்படித் தவறினால் டபுள் 4, பிறகு டபுள் 2. இடையில் ஒற்றைப்படை எண் வந்து ஓர் அம்பை வீணாக்காது. 40-இல் அப்படியில்லை: 20, 10, அதற்குப் பிறகு 5 என்று சிக்கிக்கொள்ளும். இவ்வளவும் தொழில்முறை வீரர் எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான். டெய்லரின் மேன்மை, பல்லாயிரம் பேர் கூச்சலிடும்போதும் களைத்துப்போன பன்னிரண்டாவது செட்டிலும் அதை நழுவவிடாமல் செய்ததில் இருந்தது.

இதன் விளைச்சலை எண்களில் காணலாம். 2002-இல் பிளாக்பூலில் நடந்த உலக மேட்ச்பிளேயில் கிறிஸ் மேசனுக்கு எதிராக ஒன்பதே அம்புகளில் ஒரு லெக்கை முடித்தார். 501-ஐ முடிக்க அதைவிடக் குறைவாக முடியாது. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் நேரலையாக மக்கள் கண்ட முதல் ஒன்பது-அம்பு ஆட்டம் அது. 2010 டார்ட்ஸ் பிரீமியர் லீக் இறுதியில் ஜேம்ஸ் வேடுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை அதைச் செய்தார். 2009 உலக இறுதியில் வான் பார்னவெல்டை 7-1 என்று வென்றபோது அவர் சராசரி 110.94. அந்த வேகத்தில் ஒரு லெக்குக்கு ஏறத்தாழ பதின்மூன்றரை அம்புகள்தான் ஆகும். உலக மேட்ச்பிளேயில் செட் கிடையாது, வெறும் லெக் கணக்கு, அதுவும் நீளமானது. அந்தப் போட்டியையும் 16 முறை வென்றார். 2008 முதல் 2014 வரை இடைவெளியே இல்லை.

மேடைக்கு வெளியே நடந்த ஒன்றையும் விட்டுவிடக் கூடாது. 2000-இல் அவருக்கு அறிவிக்கப்பட்ட எம்.பி.இ. அரச விருது, இரண்டு பெண் ரசிகர்களிடம் முறைகேடாக நடந்த வழக்கில் 2001-இல் குற்றவாளி என்று தீர்ப்பு வந்ததும் திரும்பப் பெறப்பட்டது. சாதனைப் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் அந்தத் தீர்ப்பும் அவர் வரலாற்றில் இருக்கத்தான் வேண்டும்.

அவர் ஆடிய உலக இறுதிகள் 21. தோற்றவை ஐந்து. போட்டி குறைவு என்போர் பார்க்க வேண்டியது வென்ற 16-ஐ விட இந்த ஐந்தைத்தான். 1994-இல் பிரீஸ்ட்லி. 2003-இல் கனடாவின் ஜான் பார்ட் 7-6 என்று எட்டாண்டுத் தொடரை முறித்தார். 2007-இல் வான் பார்னவெல்ட் மூன்று செட் பின்தங்கியிருந்து எழுந்து 7-6; கடைசிச் செட்டும் கடைசி ஒரே லெக்கில்தான் தீர்ந்தது. 2015-இல் ஸ்காட்லாந்தின் கேரி ஆண்டர்சன், அதுவும் 7-6. நடுவில் உள்ள மூன்று தோல்விகளும் கடைசிச் செட்டில் வந்தவை. அவரை வீழ்த்துவதென்றால் அவர் அளவுக்கே ஆடி, அதற்குமேல் ஓர் அம்பு கூடுதலாக அடிக்க வேண்டியிருந்தது. 2013-இல் 23 வயது மைக்கேல் வான் கெர்வன் 4-2 என்று முன்னேறி நின்றார். டெய்லர் அடுத்த ஐந்து செட்களையும் வரிசையாக எடுத்து 7-4 என்று முடித்தார். அப்போது அவருக்கு 52 வயது.

2018 புத்தாண்டு நாளில் கடைசி ஆட்டம், வயது 57. எதிரே முன்பு மின்பணியாளராக இருந்த ராப் கிராஸ், உலகப் போட்டியில் முதல்முறை ஆடுபவர். டெய்லர் ஒன்பது-அம்பு முடிவுக்கு மிக நெருங்கி வந்தார். எட்டு அம்புகள் சரியாகப் போய், ஒன்பதாவது டபுள் 12-ஐத் தவறவிட்டது. ஆட்டம் 7-2 என்று கிராஸுக்குப் போனது. டெய்லரின் சராசரி அன்றும் நூறுக்கு மேலேதான். பரிசுத்தொகை 400,000 பவுண்டாக உயர்ந்திருந்தது. டெய்லர் ஓய்வு பெற்ற அந்த ஆண்டிலிருந்து மேட்ச்பிளே கோப்பைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரோடு முதலில் அதைத் தூக்கியவர் கேரி ஆண்டர்சன்.

லிட்லர் தாண்டுவாரா? 2025 ஜனவரியில் வான் கெர்வனை 7-3 என்று வென்று உலகச் சாம்பியன் ஆனபோது அவருக்கு வயது 17. இதுவரை யாரும் அந்த வயதில் ஆனதில்லை. ட்ரெபிள் 20 அடைபட்டதும் 19-க்கும் 18-க்கும் அவர் நழுவும் லாகவம், டெய்லரிடம் இருந்த அதே குணம். ஆனால் உலகப் போட்டியில் இப்போது ஆடுபவர்கள் நூற்றுக்கு மேல்; 100 சராசரி எடுக்கும் ஆட்கள் முதல் சுற்றிலேயே எதிர்ப்படலாம். தொடக்கச் சுற்றுகள் குறுகியவை, அங்கே மேற்சொன்ன வட்டிக் கணக்கு முழுதாய் ஓடுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். ஆண்டுக்கு ஆண்டு பட்டம் வெல்லும் வாய்ப்பு மூன்றில் ஒன்று என்று தாராளமாக வைத்தாலும், 2025-க்குப் பிறகு மேலும் 15 பட்டங்கள் வென்று 16-ஐ எட்டச் சுமார் 45 ஆண்டுகள் ஆகும். இரண்டில் ஒன்று என்றால் சுமார் முப்பது. அதனால் அவர் எட்டிலோ பத்திலோ நிற்கக்கூடும் என்பதே என் மதிப்பீடு. அவருக்குச் சாதகமான பெரிய எண் வயதுதான்: டெய்லர் தன் முதல் பட்டத்தை வென்ற 29-ஐ லிட்லர் தொடுவது 2036-இல்.